சாயங்காலம் மட்டும் குதிரை என்னை இழுத்துக்கொண்டு போகிறது, உதவுங்கள்

மாரிட்ஸ்பர்க்காரன்:
பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை ஒன்றை மகளுக்காக வாங்கினோம், காயடித்த ஆண். காலையில் மேய்ச்சலுக்குச் சமர்த்தாக வருகிறது. சாயங்காலம் லாயத்துக்குத் திரும்பும்போதுதான் தலையைத் தூக்கிக்கொண்டு முந்துகிறது, இறுக்கிப் பிடித்தால் வேகம் இன்னும் கூடுகிறது, நேற்று கேட்டருகே என் காலையும் மிதித்துவிட்டது. இருட்டுக்கு முன்னால் அடைத்தாக வேண்டும், பூச்சி கடித்துப் பரவும் ஆப்பிரிக்கக் குதிரை நோய் வந்துவிடுமோ என்று பயம். மூக்குக்கு மேல் சங்கிலி போடச் சொல்கிறார்கள், போடலாமா?

ஹோவிக் அக்கா:
இப்போதைக்குச் சங்கிலி வேண்டாம் தம்பி, பழகாத கையில் அது குதிரையைப் பின்னங்காலில் எழுப்பிவிடும். மற்றக் குதிரைகள் எப்போது உள்ளே போகின்றன?

மாரிட்ஸ்பர்க்காரன்:
அவை முன்னாடியே போய்விடும் அக்கா. நான் வேலை முடிந்து வருவதற்குள் இது மட்டும்தான் நிற்கும்.

ஹோவிக் அக்கா:
பாதிக் காரணம் அதுதான். கூட்டம் போய்விட்டது, உள்ளே தீவனமும் காத்திருக்கிறது, அப்புறம் எப்படி நிதானமாக நடக்கும்? முதலில் உள்ளே போகும் குதிரையோடு இதையும் சேர்த்துக் கூட்டி வர யாரிடமாவது சொல்லுங்கள். நோயைப் பரப்பும் மிட்ஜ் என்ற குட்டிப் பூச்சி அந்தி முதல் விடியும் வரைதான் அதிகம் கடிக்கும், அதனால் சீக்கிரம் அடைப்பது அதற்கும் நல்லது.

பயிற்சியைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், அவசர நேரத்தில் எதுவும் ஏறாது. குதிரையின் இடப்பக்கம், தலைக்கும் தோளுக்கும் நடுவில், ஒரு கை தூரம் விட்டு நடங்கள். கயிறு தளர்ந்தே இருக்கட்டும். தொடர்ந்து இழுத்தால் அதுவும் எதிர்த்து இழுக்கும், அந்தப் போட்டியில் 500 கிலோதான் ஜெயிக்கும். நில்லுங்கள், அது நிற்காமல் தாண்டினால் கயிற்றைச் சின்னதாக ஒருமுறை அசைத்து இரண்டடி பின்னால் தள்ளுங்கள், பின்வாங்கிய அந்த நொடியே கையைத் தளர்த்துங்கள். தளர்த்துவதுதான் அதற்குப் பாடம், இழுப்பது இல்லை. திருப்பும்போது உங்கள் பக்கம் இழுக்காமல் வலப்புறம் தள்ளித் திருப்புங்கள், கால் தப்பும்.

லாயத்துப் பையன்:
அக்கா சொன்னதோடு ஒன்று: கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். விரல் போனவர்கள் உண்டு. கையுறையும் கெட்டியான பூட்ஸும் போடுங்கள். பந்தயக் குதிரையை இடப்பக்கத்திலிருந்தே பிடித்துப் பழக்கியிருப்பார்கள், வலப்பக்கம் நின்றால் முதலில் குழம்பும், மெதுவாகப் பழக்குங்கள்.

மாரிட்ஸ்பர்க்காரன்:
சரி, நாளைக் காலையே தொடங்குகிறேன். மகள் கையில் எப்போது கயிறு கொடுக்கலாம்?

ஹோவிக் அக்கா:
சாயங்காலமும் தளர்ந்த கயிற்றில் உங்களோடு கேட் வரை வந்து, சொன்னதும் நிற்கட்டும். அதுவரை காலையில் மட்டும், ஹெல்மெட்டோடு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.