உச்சிப்புளிப் பக்கம் மணல் தரை, முதல் வெள்ளாமை கருகிவிட்டது: போரை ஆழப்படுத்தலாமா?

மணல்மேடு:
ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் 50 சென்ட். 60 அடி போர், ஒரு எச்.பி. மோட்டார், சொட்டுநீர். தையில் 30 சென்ட் முண்டு மிளகாய், மிச்சத்தில் வெண்டையும் கத்தரியும் நட்டது. பங்குனி வரை பச்சை. இப்போது வைகாசியில் இலை ஓரமெல்லாம் கருகல், சொட்டுவாயைச் சுற்றி வெள்ளை வளையம். தண்ணீரின் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், dS/m கணக்கில்) தையில் 0.9, இப்போது 3.4. மண்ணின் பி.எச். 8.1, இ.சி. 4.6. மோட்டார் தினம் நாலு மணி நேரம் ஒரே மூச்சில் ஓடுகிறது. போரை 120 அடிக்கு இறக்கு என்கிறார் ஒருவர், பத்து மூட்டை ஜிப்சம் போடு என்கிறார் இன்னொருவர். எதை முதலில் செய்வது?

தரவை:
இரண்டுமே வேண்டாம், தம்பி. முக்கியமாக போரைத் தொடாதீர்கள்.

நம் கரையில் நல்ல தண்ணீர் என்பது மழை இறங்கி, சவர்த் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்பது. கடல் மட்டத்துக்கு மேல் அது ஒரு அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். 60 அடி போர் அந்த எல்லைக்குப் பக்கத்திலோ அதைத் தாண்டியோ நிற்கிறது. நாலு மணி நேரம் விடாமல் இழுத்ததில் உப்பு மேலே வந்துவிட்டது. 120 அடியில் கடல்தான் கிடைக்கும்.

மேல் தண்ணீரை வழித்தெடுப்பதுதான் வழி. வைகாசியில் தண்ணீர் எட்டடியில் நின்றால், அதற்குக் கீழே இரண்டு, மூன்று அடிக்கு மேல் போகாத அகலமான உறைக்கிணறு போதும். அடி உறையில் துளை, அதைச் சுற்றிச் சரளை. மணலை வெறுமனே தோண்டி உள்ளே ஆளை இறக்காதீர்கள், சரிந்து மூடிவிடும்; உறையை வைத்து, உள்ளிருந்து மணலை எடுக்க எடுக்க உறை தானாக இறங்க வேண்டும். செலவு தாங்காது என்றால் ஆழமில்லாத பில்டர் பாயிண்ட் (அடியில் வடிகட்டி உள்ள சிறு குழாய்க் கிணறு) நாலு, பதினைந்தடிக்கு ஒன்றாக இறக்கி ஒரே குழாயில் இணைக்கலாம். அரை எச்.பி. மோட்டார், காலை அரை மணி, மாலை அரை மணி. தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் இ.சி. பாருங்கள். இரண்டுக்கும் இடையில் 0.3-க்கு மேல் ஏறினால் நேரத்தைக் குறையுங்கள்.

பனங்காடு:
ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து. பி.எச். 8.5-க்கு மேல் போய், சோடியம் மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தால்தான் வேலை செய்யும். உங்களுடையது உவர், அதாவது வெறும் உப்பு ஏறிய மண்: பி.எச். 8.1, இ.சி. 4-க்கு மேல். மணலில் வடிகால் பிரச்சினை கிடையாது. நல்ல தண்ணீர் இறங்கினாலே உப்பு கழுவிப் போகும். ஒரு அடி மண்ணுக்கு ஒரு அடி தண்ணீர் இறங்கினால் பெரும்பகுதி உப்பு கீழே போய்விடும். அந்தத் தண்ணீரை ஐப்பசி, கார்த்திகை மழை இலவசமாகத் தரும். ஆவணிக்குள் பாத்தி பாத்தியாக வரப்பு கட்டி வையுங்கள், மழை ஓடாமல் நிற்கட்டும்.

முதல் மழையில் ஏக்கருக்கு 20 கிலோ கணக்கில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்குமுன் மடக்கி உழுங்கள். மணலுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் வேண்டும். கண்மாய் வண்டல் கிடைத்தால் தயங்காமல் அடியுங்கள், ஆனால் அதையும் இ.சி. பார்த்துவிட்டு. பொட்டாஷுக்கு மியூரியேட் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது. சல்பேட் ஆப் பொட்டாஷ் வாங்குங்கள். யூரியாவை மொத்தமாகப் போட்டால் மணலில் கீழே ஓடிவிடும், வாரம் கொஞ்சமாகச் சொட்டுநீரில் விடுங்கள்.

கொண்டல்:
பயிர்த் தேர்வும் தவறியிருக்கிறது. முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து மாவட்டம் முழுக்க அது வரும் என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கக் கரிசலில், புரட்டாசி–ஐப்பசியில் நேரடியாக விதைத்து, மழையை நம்பி எடுப்பதுதான் அதன் வழக்கம். கோடை மணலும் போர்த் தண்ணீரும் அதற்குப் பழக்கமில்லை. மிளகாய்க்குத் தண்ணீர் இ.சி. 1-ஐத் தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும், 3.4-ல் பாதிதான் மிஞ்சும். வெண்டையும் கத்தரியும் உப்புக்குப் பயந்தவைதான். இதே தண்ணீரில் தட்டைப்பயறு கிட்டத்தட்ட முழுசாக வரும், பீட்ரூட் பத்தில் ஒன்பது பங்கு தரும், கொத்தவரை இன்னும் தாங்கும். ரகம் தேர்வதற்கு ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலையின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள்.

பரப்பும் பெரிது. கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் என்றால் 50 சென்டுக்கு 12,000 லிட்டர். அதை எடுக்கத்தான் நாலு மணி நேரம் ஓட்டியிருக்கிறீர்கள். 10 சென்டுக்கு 2,400 லிட்டர் போதும். கோடையில் அந்தப் பத்தோடு நில்லுங்கள். மற்ற நாற்பதும் மழைக்காலப் பயிருக்கு மட்டும். தெற்கிலும் மேற்கிலும் இரண்டு வரிசை சவுக்கு வையுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் உப்பும் மணலும் இலையில் படிவது குறையும்.

மணல்மேடு:
நன்றி. கருகல் கடற்காற்றால் வந்ததா, தண்ணீரால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? பழைய போரை மூடிவிடவா?

தரவை:
காற்றால் என்றால் கடலைப் பார்த்த பக்கத்து இலைகள்தான் முதலில் கருகும், வேலி ஓரச் செடிகளில் அதிகம் இருக்கும். தண்ணீரால் என்றால் செடி முழுக்க, அடி இலையில் தொடங்கும். வெள்ளை வளையம் இருக்கிறதே, உங்களுக்குத் தண்ணீர்தான். போரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கார்த்திகை கழிந்ததும் அரை மணி ஓட்டி அளந்து பாருங்கள். இ.சி. 1.5-க்கு மேல் நின்றால் களிமண்ணால் அடைத்துவிடலாம்.