பைலட் பாராசூட் வாங்கிய அனுபவங்கள்

முத்தியால்பேட்டை, இப்போது லியோன்:

பேஸ் ஜம்பிங்கில், அதாவது கட்டடம், பாலம், பாறை போன்றவற்றிலிருந்து குதிப்பதில், முதுகில் இருப்பது ஒரே பாராசூட். மாற்று கிடையாது, இருந்தாலும் அதை விரிக்க உயரம் மிஞ்சாது. அதைப் பையிலிருந்து உருவி எடுப்பது நாம் கையால் வீசும் சிறிய பைலட் பாராசூட். ஆனால் வாங்கப் போகிறவர்கள் பெரிய பாராசூட்டின் நிறத்தை நாள் கணக்கில் ஆராய்ந்துவிட்டு, இதை மட்டும் "ஏதாவது ஒன்று கொடுங்கள்" என்று எடுத்து வருகிறார்கள்!

போன பொங்கலுக்கு ஊரில் இருந்தபோது, காரைக்கால் அண்ணன் ஒருவர் தமது பழைய 36 அங்குல விட்டமுள்ள பைலட்டைக் கடற்கரைச் சாலைக்கே கொண்டுவந்தார். "உயரம் எதுவானாலும் இது போதும், தம்பி" என்றார். நான் போகவிருந்ததோ அமெரிக்காவின் ட்வின் ஃபால்ஸிலுள்ள பெரைன் பாலத்துக்கு. ஆற்றிலிருந்து 148 மீட்டர். "எத்தனை வினாடி கழித்து வீசுவீர்கள், அண்ணே?" என்று கேட்டேன். அவர் குதித்ததெல்லாம் சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் பாறைகளில், அதுவும் கை கால்களுக்கிடையே துணிச்சிறகு கொண்ட விங்சூட் உடை அணிந்து, நெடுநேரம் பறந்த பிறகு வீசுபவர். பாலத்திலிருந்து குதிக்கும் எனக்கோ அவ்வளவு நேரம் கிடைக்காது.

கணக்கு அங்கேதான் மாறுகிறது. ஒரு வினாடி விழுந்தவரின் வேகம் நொடிக்கு 10 மீட்டர். மூன்று வினாடியில் ஏறக்குறைய 30. இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அதே துணி அப்போது ஒன்பது மடங்கு இழுக்கும். எனவே ஓரிரு வினாடியில் வீசுகிறவருக்கு 46, 48 அங்குலம் வேண்டும். இன்னும் சற்று விழுந்தால் 42, அதற்கும் மேல் 38. முழு வேகத்துக்குத்தான் 36, 32 எல்லாம். எப்போதும் 48 வைத்துக்கொள்ளலாமே என்றால், அதுவும் ஆகாது. மிகுந்த வேகத்தில் அது மடிப்பைக் குலைத்துப் பாராசூட்டின் நடுப்பகுதியை முதலில் பிடுங்கிவிடும்.

அண்ணன் முகம் சுருங்கியது. டீ வாங்கிக் கொடுத்தேன், பைலட்டை வாங்கவில்லை.

கடலூர், திருப்பாதிரிப்புலியூர்:

நான் குதிப்பவன் அல்ல, தையற்காரன். மலேசியாவில் வேலை பார்க்கும் அக்கா மகன், கோலாலம்பூர் கோபுரத்திலிருந்து ஆட்கள் குதிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, மழைக்கோட்டுத் துணியில் ஒன்று தைத்துத் தாருங்கள்" என்றான். மாதிரிக்கு அவன் இரவல் வாங்கி வந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் வலை, உள்ளே பட்டைகள். ஒரு பட்டை நீண்டுவிட்டால் வட்டம் கோணலாகிக் காற்றில் சுற்றத் தொடங்கும். ரவிக்கை கோணினால் பிரித்துத் தைக்கலாம், இதை? "போடா, இதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் வாங்கு" என்று அனுப்பிவிட்டேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அதில்தான் அவனுக்குக் கோபம்.

கடலூர் முதுநகர்:

தையற்கார அண்ணன் செய்தது சரி. பையன் முதலில் விமானத்திலிருந்து குதித்துப் பழகட்டும். பேஸ் கற்றுத்தருபவர்கள் பொதுவாக 200 தடவையாவது குதித்திருக்க வேண்டும் என்பார்கள். வாங்கும்போது உச்சியில் காற்றுப்போக்கித் துளை உள்ளதைப் பார்க்கட்டும், ஊசலாட்டம் குறையும். பழையது என்றால் துணியில் வாய் வைத்து ஊதிப் பார்க்கலாம், காற்று எளிதாகக் கசிந்தால் வேண்டாம். தேவனாம்பட்டினம் மணலில் விரித்துக் காட்டி விற்கிறவரிடம் விலையே கேட்காதீர்கள். உப்பும் மணலும் நைலானை அரிக்கும் என்பது தெரியாதவர் மற்றதை எப்படிப் பராமரித்திருப்பார்?