‘ரெட் ஹெர்ரிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ராயபுரம் ஆசிரியை எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவுக்கு அடுத்துள்ள கிளை நூலகத்தில், மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வாசிப்பு வகுப்பு நடத்திவருகிறேன். பாடநூலைத் தவிர வேறெதையும் தொடாத பிள்ளைகளும் கொலை, திகில், பேய் என்றால் விழித்துக்கொள்கிறார்கள் என்பதால், இந்த முறை மர்ம நாவல்களை எடுத்துக்கொண்டோம். அவற்றை எப்படிக் கூர்ந்து படிப்பது என்று ஒரு சிறு கையேடு எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் கலைச்சொற்கள் வருகின்றன. துப்பு, தடயம், சாட்சி, ஐயத்துக்குரியவர், பூட்டிய அறைக் கொலை என எல்லாம் முடிந்துவிட்டன. ‘ரெட் ஹெர்ரிங்’ மட்டும் நிற்கிறது. வாசகரின் ஐயத்தை உண்மைக் குற்றவாளியிடமிருந்து விலக்கி இன்னொருவர் பக்கம் இழுத்துச் செல்வதற்காகக் கதையில் வைக்கப்படும் செய்தியையோ, பொருளையோ, ஆளையோ அது குறிக்கிறது. நேர்ப்பொருள் பார்த்தால், உப்பிட்டுப் புகையிட்டுச் சிவந்த ஹெர்ரிங் மீன்; அதன் வாசனையைக் காட்டி வேட்டைநாய்களை வழிதிருப்பியதாக ஓர் ஆங்கிலக் கதை உண்டு. இப்போதைக்குப் ‘பொய்த்தடயம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

திருவொற்றியூர்ப் புலவர் எழுதியது:

அம்மா, பொய்க்கால் குதிரையைப் போல ஒற்று மிகுத்து எழுதியிருப்பது முறையே. ஆயினும் தடயத்தைவிடத் துப்பு என்னும் சொல் எவ்வளவு வளமானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்ற குறளில் அது உணவு. வேறிடங்களில் அது வலிமை. இன்னும் சில இடங்களில் அது பவளம். பவளம் செந்நிறம் உடையது. ஆங்கிலேயர் மீனில் தேடிக் கண்ட சிவப்பு நம்முடைய துப்பிலேயே ஊறிக் கிடக்கிறது என்பதை முதலில் பதிவு செய்கிறேன். எனவே மாறுவேடம் என்பதைப் போல ‘மாறுதுப்பு’ எனலாம்.

பொருளும் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைப் பார்த்த காவலர் ‘இவன் கள்வன் போலத் தெரியவில்லையே’ என்று தயங்கும்போது, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வருக்குத் துணையாவன எட்டு என்று பொற்கொல்லன் ஒரு பாடமே நடத்துகிறான். சிலம்பைத் திருடியவனே களவு நூல் ஓதித் தன்மேல் விழ வேண்டிய கண்களை வேறு பக்கம் திருப்புகிறான். இதைவிடப் பழைய மாறுதுப்பை எந்த மொழியில் காட்டுவீர்கள்?

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

புலவர் ஐயா காட்டிய இடம் அருமையானது. ஆனால் அதுவே அவருடைய சொல்லுக்கு எதிராகவும் நிற்கிறது. பொற்கொல்லன்தான் கள்வன் என்பது நமக்கு முன்பே தெரியும். அவன் ஏமாற்றுவது காவலரையும் மன்னனையும். இளங்கோவடிகள் வாசகரை ஏமாற்றவில்லை. துப்பறியும் நாவலில் நிகழ்வது வேறு. அங்கே ஆசிரியரே வாசகரை வழிதவற வைக்கிறார். குற்றவாளி துப்பறிவாளருக்கு வைக்கும் பொறியும், ஆசிரியர் வாசகருக்கு வைக்கும் பொறியும் சில கதைகளில் ஒன்றாகவே இருக்கலாம். எனினும் கலைச்சொல் இரண்டாவதைத்தான் குறிக்க வேண்டும்.

‘பொய்’ என்ற அடைமொழியையும் நான் எதிர்க்கிறேன். 1901-இல் தொடராக வெளிவரத் தொடங்கிய, பாஸ்கர்வில் வேட்டைநாயைப் பற்றிய ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். மாளிகையின் பணியாளர் பாரிமோர் நள்ளிரவில் மெழுகுவத்தியை ஏந்திச் சன்னலருகே நின்று சதுப்புவெளிக்குச் சைகை காட்டுகிறார். வாசகரின் ஐயம் முழுவதும் அவர்மேல் குவிகிறது. அவர் மறைப்பது உண்மையான இரகசியம்தான். சிறையிலிருந்து தப்பிய தம் மனைவியின் தம்பிக்கு உணவு கொடுத்துவருகிறார். அங்கே மெழுகுவத்தியும் பொய்யன்று, சைகையும் பொய்யன்று. நாம் தேடும் குற்றத்தோடு அவற்றுக்குத் தொடர்பில்லை, அவ்வளவே. (யார் குற்றவாளி என்பதை நான் சொல்லவில்லை, பிள்ளைகள் படிக்கட்டும்.) துப்பறியும் கதையாசிரியர் ரொனால்டு நாக்ஸ் 1929-இல் வகுத்த பத்து விதிகளுள் ஒன்று, துப்பறிவாளர் காணும் துப்பு எதையும் வாசகருக்கு மறைக்கக் கூடாது என்கிறது. மறைக்கவும் கூடாது, உடனே புரியவும் கூடாது என்றால், தொடர்பற்ற உண்மைகளுக்கு நடுவே தொடர்புள்ள உண்மையை வைப்பதுதான் ஆசிரியருக்கு நேர்மையான வழி. அந்த உண்மைகளுக்குப் ‘பொய்த்தடயம்’ என்று பெயரிட்டால், பிள்ளைகள் பொய்ச் சாட்சியையும் போலிக் கையெழுத்தையும் மட்டுமே தேடிக்கொண்டிருப்பார்கள்.

மீனை விட்டுவிடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அகதா கிறிஸ்டி 1939-இல் வெளியிட்ட, தீவில் பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராக இறக்கும் நாவலில் ஒரு சிறுவர் பாட்டு வருகிறது. கடலுக்குப் போன நால்வரில் ஒருவரை ‘ரெட் ஹெர்ரிங்’ விழுங்கியது என்பது அதில் ஒரு வரி. அந்த வரியில் மீனுக்கு இரட்டை வேலை. உப்பிட்டுப் புகையில் வாட்டிய மீன் யாரையும் விழுங்க முடியாது என்ற எண்ணம் எழுந்தால்தான் வாசகர் விழித்துக்கொள்வார். ‘திசைதிருப்பும் தடயம் ஒருவரை விழுங்கியது’ என்று நான் எழுதினால், ஆசிரியர் ஒளித்துவைத்த குறிப்பை நானே மேசைமேல் எடுத்து வைத்தவன் ஆவேன். ஆகவே ‘செங்கருவாடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வகுப்புக்கு அது பொருந்தாது என்றால் ‘மயக்குதடம்’ எனலாம்.

காசிமேடு வாசகர் எழுதியது:

டீச்சர் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். மீன்பிடித் துறைமுகத்தில் கணக்கெழுதுபவன் நான். தமிழ் படித்தவன் அல்லேன். மாத நாவல்கள் படித்தவன் என்பதுதான் எனக்குள்ள ஒரே தகுதி.

கருவாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். ஹெர்ரிங் வட அட்லாண்டிக் குளிர்நீரில் வாழ்வது. நம் கடலில் கிடையாது. அதற்கு உறவுமுறை சொல்ல வேண்டுமானால் நம் மத்தியைச் சொல்லலாம். அவர்கள் அதை உப்பில் ஊறவைத்துப் பலநாள் புகையிடுவதால் அது செம்பழுப்பு நிறமாகிறது. இங்கே நெத்திலியோ வாளையோ சுறாவோ, உப்பிட்டு வெயிலில் உலர்த்துவதுதான் வழக்கம். புகையும் இல்லை, சிவப்பும் இல்லை. ‘செங்கருவாடு’ என்று நீங்கள் எழுதினால் எங்கள் தெருப் பெண்கள் கெட்டுப்போன கருவாடு என்றே நினைப்பார்கள். இன்னொன்று: கருவாட்டு வாசனை இங்கே யாரையும் வழிதவற விடாது, கண்ணைக் கட்டிவிட்டாலும் நேராகக் கடைக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

‘தடம்’ என்ற சொல்லையும் இதற்குச் செலவழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ராஜேஷ்குமார் நாவல்களில் தொடர்பே இல்லாத இரண்டு கதைகள் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓடி, முடிவில் ஒன்றாகச் சேரும். அந்த இரண்டு ஓட்டங்களையும் தடம் என்று சொன்னால்தான் பிள்ளைகளுக்கு விளங்கும். அவற்றில் எந்தத் தடமும் நம்மை ஏமாற்றுவதற்காக வந்ததன்று.

பேச்சு வழக்கில் ஒரு சொல் இருக்கிறதே! ‘ஒரு வாரமாக வனத்துறையினருக்குப் போக்குக் காட்டும் சிறுத்தை’ என்று செய்தித்தாள் எழுதுகிறது. வழிகாட்டி, நாள்காட்டி, திசைகாட்டி இருப்பதைப் போலப் ‘போக்குக்காட்டி’ என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

திருவொற்றியூர்ப் புலவர் எழுதியது:

கருவாடு மீனாகாது என்பார்கள். கலைச்சொல்லும் ஆகாது என்று இன்று தெரிந்துகொண்டேன். மீன் வேண்டும் என்போர் சங்கச் சொல்லையாவது எடுத்திருக்கலாம். ‘நிணச்சுறா அறுத்த உணக்கல்’ என்று நற்றிணையின் 45-ஆம் பாட்டில், பரதவர் மகள் பறவைகளை ஓட்டிக் காப்பது இந்த உலர்மீனைத்தான். தேருடைய செல்வரின் மகனான தலைவனைப் பார்த்து ‘எங்கள்மேல் புலால் நாறும், தள்ளி நில்லுங்கள்’ என்று தோழி சொல்கிறாள். நாற்றத்தைக் காட்டி ஒருவனை விலகச் சொல்லும் இந்த இடம் ஆங்கிலக் கதைக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது! ‘செவ்வுணக்கல்’ என்றால் மீனும் கிடைத்தது, செம்மையும் கிடைத்தது, தூய்மையும் கெடவில்லை.

‘மயக்குதடம்’ வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாமல் எழுதியதைப் பாராட்டுகிறேன். ஆனால் நம் இலக்கணத்தில் மயக்கம் என்பது கலத்தல். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்னும்போது யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை.

ராயபுரம் ஆசிரியை எழுதியது:

ஐயா, ‘செவ்வுணக்கல்’ என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். நெடுநேரம் யோசித்த ஒரு மாணவி, ‘காய்ந்த மிளகாயா டீச்சர்?’ என்று கேட்டாள். ‘மயக்குதடம்’ என்றதும் துப்பறிவாளருக்கு யாரோ மயக்க மருந்து கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். ‘மாறுதுப்பு’ என்பதைத் துப்பு மாறிவிட்டது என்று புரிந்துகொண்டார்கள். ‘போக்குக்காட்டி’ என்றதும் விளக்கம் கேட்கவில்லை. ஆனால் ஒருவன் அதைக் குற்றவாளியின் பட்டப்பெயர் என்று நினைத்தான்.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அந்த மாணவன் நினைத்ததுதான் சரி. என் தடையும் அதுவே. போக்குக் காட்டுவது சிறுத்தை, அதாவது தேடப்படுவது. நாம் பெயரிடுவதோ, சிறுத்தை இல்லாத புதரில் அசையும் இலைக்கு. பிடிபடாமல் நழுவுவது ஒன்று. கவனத்தை ஈர்த்து நிறுத்திவைப்பது வேறொன்று. பின்னதற்குப் ‘பராக்கு’ என்ற சொல் நம் வீடுகளில் இருக்கிறது. குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறூட்டுகிறோம். நிலா பொய்யன்று, ஆனால் அங்கே காரியம் சோறு. மெழுகுவத்திக்கும் இதற்கும் உள்ள பொருத்தத்தைப் பாருங்கள்.

‘ரெட் ஹெர்ரிங்’ என்ற உருவகம் வேரூன்றிய கதையும் இதற்குச் சான்றாகிறது. நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற தவறான செய்தியின் பின்னால் ஓடிய இதழ்களைக் கண்டித்து, 1807-இல் ஆங்கில இதழாளர் வில்லியம் காபெட் எழுதினார். முயலைத் துரத்திய நாய்களைத் தாம் சிறுவயதில் இந்த மீனை இழுத்துச் சென்று திருப்பிவிட்டதாக அதில் ஒரு கதை சொன்னார். அந்தக் கதையில் ஓடித் தப்புவது முயல். நாய்களின் மூக்கைப் பிடித்து வைத்திருப்பது மீன். நீங்கள் முயலின் பெயரை மீனுக்கு வைக்கிறீர்கள்.

காசிமேடு வாசகர் எழுதியது:

ஐயா சொல்லும் வேறுபாடு விளங்குகிறது. ஆனால் எங்கள் பக்கம் ‘அவனுக்குப் போக்குக் காட்டிவிட்டு வா’ என்றால், அவன் கவனத்தை வேறு பக்கம் அனுப்பிவிட்டு வா என்றும் பொருள்படும். சிறுத்தையே இரவில் ஒரு திசையில் காலடியைப் பதித்துவிட்டு மறு திசையில் போனால், அந்தக் காலடியும் போக்குக் காட்டுவதுதானே? பராக்கு நல்ல சொல்தான். ஆனால் பராக்குப் பார்ப்பவனைத்தான் இங்கே திட்டுவார்கள், பராக்குக் காட்டியவனை யாரும் திட்டுவதில்லை. கதையில் ஏமாறியது வாசகரின் சோம்பேறித்தனத்தால் என்று ஆகிவிடும். அது ஆசிரியரின் திறமையால் நடந்தது.

நூலகர் எழுதியது:

இன்று வியாழக்கிழமை இரவு ஒன்பது மணி. இந்த இழையில் எழுதியவர்களும் எனக்குத் தனியே எழுதியவர்களுமாகச் சேர்த்துப் பார்த்தால் ‘போக்குக்காட்டி’க்கு ஐந்து, ‘பராக்கு’க்கு இரண்டு, ‘செவ்வுணக்கல்’லுக்கு ஒன்று. புலவர் ஐயாவின் வாக்கு எது என்று சொல்லத் தேவையில்லை. பேய்க்கதையில் நாமெல்லாம் நடுங்கும்போது அலமாரியிலிருந்து குதிக்கும் பூனைக்கும் இதே சொல்லைப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கு இப்போது நேரமில்லை. ‘போக்குக்காட்டி’ என்றே அச்சுக்குப் போகட்டும். கிறிஸ்டியின் பாட்டு வரியை மொழிபெயர்ப்பவர் தம் விருப்பப்படி எந்த மீனையும் எடுத்துக்கொள்ளலாம்.

பெரம்பூர் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

பெரும்பான்மைக்கு வணங்குகிறேன், உடன்படவில்லை. என் மொழிபெயர்ப்பில் ‘பராக்கு’தான் வரும்.

ராயபுரம் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அச்சான படிகள் இன்று மாலை வந்தன. ‘போக்குகாட்டி’ என்று ஒற்றில்லாமல் அச்சாகியிருக்கிறது. வரி அடங்காததால் ஓர் எழுத்தைக் குறைத்ததாக அச்சகத்தார் சொல்கிறார்கள். திருத்தித் தரக் கேட்டால் திங்கட்கிழமை ஆகும் என்கிறார்கள். வகுப்போ நாளை மாலை. ஐம்பது படியிலும் பேனாவால் ‘க்’ போட்டுக்கொண்டிருக்கிறேன்.

திருவொற்றியூர்ப் புலவர் எழுதியது:

அம்மா, என் வீட்டிலும் பேனா இருக்கிறது. பாதிப் படிகளைக் கொடுத்தனுப்புங்கள். ‘செவ்வுணக்கல்’ என்று எதிலும் திருத்தமாட்டேன்.