13 வயதில் கல்லூரி: தாயின் கையெழுத்து போதாதா?

செம்பருத்தி:
வயது குறைந்த பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பதே தவறு, சேர்த்தால் கட்டுப்பாடு போட்டுத்தான் ஆக வேண்டும், இந்தப் பெற்றோர்கள் பணத்துக்காக வழக்கு வழக்கு என்று அலைகிறார்கள் என்று கல்வெட்டு நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 2010இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியுமா? 13 வயது மாணவன், தென்னாப்பிரிக்காவுக்குக் களப்பயணம் போகும் சூழலியல் பாடத்தில் சேரக் கேட்டான். வயதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அவன் அம்மா நானும் கூடவே வருகிறேன் என்றார், எது நடந்தாலும் பல்கலைக்கழகத்தைப் பொறுப்பாக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போடவும் தயார் என்றார். அப்புறமும் முடியாதாம். சேர்த்துக்கொள்ளும்போது தெரியாத வயது, பயணம் என்றதும் தெரிந்துவிட்டதா?

கல்வெட்டு:
மேடம், அந்தக் கையெழுத்தை வைத்து என்ன செய்வது? பிள்ளைக்கு அடிபட்டால் அவனுக்கு வரும் உரிமையைத் தாய் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட முடியாது, அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதுதான் நிலை. அதே கனெக்டிகட்டில், ரப்பர் டியூபில் உட்கார்ந்து பனிமேட்டில் சறுக்கும் இடத்தில் ஒருவருக்கு அடிபட்டது. வளர்ந்த மனிதர், தானே கையெழுத்துப் போட்டவர். நடத்துகிறவரின் கவனக்குறைவை அந்தக் கையெழுத்து மூடி மறைக்காது என்று 2005இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். 'பெற்றோர் / பாதுகாவலர்' என்ற கட்டத்துக்குள் போடும் கையெழுத்தைக் கோப்பில் வைப்போம், அவ்வளவுதான். நாளைக்கு ஒன்று ஆனால் அந்தக் கோப்பை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

செம்பருத்தி:
சறுக்கு விளையாட்டு வியாபாரம், இது பாடம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் அலுவலகத்தில் வேலை பார்ப்பதைப் பெருமையாக வேறு சொல்கிறீர்கள். கையெழுத்து மட்டுமா கொடுத்தார் அந்தத் தாய்? கூடவே வருகிறேன் என்றாரே, அதற்குப் பதில் எங்கே?

நடுவழி:
ஒரு நிமிடம். வயதுக் கட்டுப்பாடு என்று எதைச் சொல்கிறோம்? சேர்க்கையா, விடுதியா, வேதியியல் ஆய்வகமா, வெளிநாட்டுப் பயணமா? ஒவ்வொன்றுக்கும் நியாயம் வேறு. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு வயதுப் பாகுபாட்டுச் சட்டம், மத்திய அரசின் நிதி பெறும் கல்லூரிகளுக்குப் பொருந்தும். ஆனால் ஒரு திட்டம் சரியாக நடக்க வயது வரம்பு அவசியம் என்றால் அதிலேயே விலக்கும் உண்டு. முதலில் இதைப் பிரித்துக்கொண்டால்...

செம்பருத்தி:
பிரிக்கிற வேலையை அப்புறம் பார்க்கலாம் சார். தாய் கூட வருகிறேன் என்று சொன்ன பிறகும் மறுத்தது சரியா? அதைச் சொல்லுங்கள்.

ராப்பாடி:
அக்கா கோபப்படாமல் கேளுங்கள். மைக்கேல் கியர்னி 1994இல் தெற்கு அலபாமா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியபோது வயது 10. பத்து வயதில் பந்து விளையாடாமல் பட்டம் எதற்கு? இதெல்லாம் பெற்றோரின் பெருமைப் பசி.

செம்பருத்தி:
தம்பி, தேர்வு முறை பற்றிய விவாதத்திலும் இதே 'பெற்றோரின் பெருமை' பாட்டைத்தான் பாடினீர்கள், ஞாபகம் இருக்கிறது. நான் இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். வகுப்பில் எல்லாரும் முதல் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் அவள் பாடத்தையே முடித்துவிட்டு, ஜன்னல் கம்பியில் நகத்தால் எண்களைக் கீறிக்கொண்டிருப்பாள். அவளை யாரும் தள்ளவில்லை. உட்கார வைத்ததுதான் அவளுக்குத் தண்டனை. பாலமுரளி அம்பாட்டி 1995இல் 17 வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளியைத் தொட விட்டார்கள், செடியையும் விலங்கையும் பார்க்க இவனை விடக்கூடாதா?

கல்வெட்டு:
17க்கும் 13க்கும் வித்தியாசம் கணக்கு டீச்சருக்கே தெரியாதா? மருத்துவமனையில் தலைக்கு மேல் மூத்த மருத்துவர் நிற்பார். இன்னொன்று, நீங்கள் வழக்கு வழக்கு என்கிறீர்களே, அந்தக் கனெக்டிகட் பையன் விஷயம் வழக்கே இல்லை. பல்கலைக்கழகத்திடமும் கல்வித் துறையிடமும் கொடுத்த புகார்.

செம்பருத்தி:
வழக்கு என்று எழுதியது நீங்கள்! மேலே போய்ப் பாருங்கள், உங்கள் வாக்கியத்தைத்தான் நான் எடுத்துப் போட்டேன்.

நடுவழி:
புகார்தான் முதல் படி. அந்தச் சட்டத்தில் முதலில் சமரசப் பேச்சு, துறை ஒன்றும் சொல்லவில்லை என்றால் 180 நாள் கழித்துத்தான் நீதிமன்றம். அங்கே போனாலும் பாகுபாட்டை நிறுத்தச் சொல்லி உத்தரவு கேட்கலாம், இழப்பீடு கிடையாது.

செம்பருத்தி:
கேட்டீர்களா கல்வெட்டு? இழப்பீடே இல்லாத சட்டத்தில் பணத்துக்காக அலைகிறார்களாம். இன்னும் ஒன்று சொல்கிறேன். அங்கே கல்லூரியில் சேர்ந்துவிட்டால் 13 வயதானாலும் மதிப்பெண் பதிவுகள் மேல் உரிமை மாணவனுக்குப் போய்விடும், பெற்றோருக்கு அது தானாகக் கிடைக்காது. மதிப்பெண் பட்டியலுக்கு அவன் பெரியவன், விமானம் ஏற மட்டும் குழந்தையா? அம்மாவோடு ஏறினாலும் குழந்தையா?

கல்வெட்டு:
பதிவேடு யாருக்கும் காலை முறிக்காது மேடம். அம்மா வந்தால் அம்மாவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியது பேராசிரியர்தான். கரடுமுரடான பாதை, மலேரியா, ராத்திரி கூடாரம், பக்கத்துக் கூடாரத்தில் 22 வயதுக்காரர்கள். இதையெல்லாம் ஒரு கையெழுத்து தாங்குமா?

ராப்பாடி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். என்னை மட்டும் திட்டுகிறார்கள்.

செம்பருத்தி:
நீங்கள் சொன்னது பந்து விளையாட்டு. இரண்டும் ஒன்றல்ல. கல்வெட்டு, ஜீப் கவிழ்ந்தால் 19 வயதுக்காரனுக்கும் எலும்புதான் முறியும், கொசு பிறந்த தேதி கேட்டுக் கடிக்காது. அந்த 19 வயதுக்காரனுக்கு அம்மா கூட வரவில்லை, இவனுக்கு வருகிறார். கோப்பில் வைத்ததோடு சரி என்று சொன்னீர்களே, மறுக்கும் முன் அந்தத் தாயைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துப் பேசுவீர்களா உங்கள் அலுவலகத்தில்? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.