‘விடுவிப்பு விதி’யா, ‘விலகுதொகை’யா? – ஃபிகோவின் கழக வாழ்க்கையை முன்வைத்து

பொருள்: மறு: கால்பந்து ஒப்பந்தக் கலைச்சொற்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ‘ரிலீஸ் கிளாஸ்’ (குறிப்பிட்ட தொகை செலுத்தப்பட்டால் வீரர் கழகத்தை விட்டு வெளியேறலாம் என்னும் ஒப்பந்தக் கூறு) என்பதற்கு ‘விடுவிப்பு விதி’ என்னும் சொல்லைப் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று பலரும் இசைவு தெரிவித்திருக்கிறீர்கள். சேர்ப்பதற்கு முன் அச்சொல்லை ஓர் உண்மை நிகழ்வோடு பொருத்திப் பார்த்துவிட வேண்டும் என்று கருதுகிறேன். போர்ச்சுகல் வீரர் லூயிஸ் ஃபிகோவின் கழக வாழ்க்கையை இதற்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு வீரர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் வழிகள் பலவும், செல்ல முடியாமல் போகும் வழி ஒன்றும், அவர் ஒருவருடைய வாழ்க்கையிலேயே கிடைக்கின்றன.

லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கழகத்தில் வளர்ந்த ஃபிகோ 1990-இல் அதன் முதல் அணியில் ஆடத் தொடங்கி, 1995-இல் அவ்வணியுடன் போர்ச்சுகல் கோப்பையை வென்றார். அதே ஆண்டில் யுவென்டஸ், பார்மா ஆகிய இரண்டு இத்தாலியக் கழகங்களோடும் ஒப்பந்தம் செய்துகொண்டதாகச் சிக்கல் எழுந்ததால், இரண்டு ஆண்டுகளுக்கு எந்த இத்தாலியக் கழகத்திலும் சேர முடியாதபடி தடை விதிக்கப்பட்டது. அத்தடையின் பயன் பார்சிலோனாவுக்குக் கிடைத்தது. அங்கே ஐந்து பருவங்களில் 172 லீக் ஆட்டங்கள், 30 கோல்கள், 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டங்கள், 1997-இல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை என்று அவர் அணியின் தலைவர்களுள் ஒருவராகவே உயர்ந்துவிட்டார். இதுவரை நம் சொற்பட்டியலுக்குப் பெரிய சோதனை இல்லை. ‘மாற்றம்’, ‘மாற்றுத்தொகை’ (டிரான்ஸ்ஃபர் ஃபீ), ‘முன் ஒப்பந்தம்’ ஆகிய மூன்று சொற்களே போதும்.

சோதனை 2000-ஆம் ஆண்டு ஜூலையில் வருகிறது. ரியல் மாட்ரிட் கழகத்தின் தலைவர் தேர்தலில், இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஐரோப்பியப் பட்டத்தைக் கண்டிருந்த அப்போதைய தலைவர் லோரென்சோ சான்ஸை எதிர்த்து, கட்டுமானத் தொழிலதிபர் புளோரென்டினோ பெரஸ் போட்டியிட்டார். தாம் வென்றால் ஃபிகோவைக் கொண்டுவருவதாகவும், கொண்டுவர முடியாவிட்டால் உறுப்பினர்களின் ஆண்டுச் சந்தாவைத் தாமே செலுத்துவதாகவும் அவர் வாக்களித்தார். (‘கழகம் மாறினார்’ என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் தேர்தலை நினைத்துக்கொள்வார் என்று இக்குழுவில் முன்பு ஒருவர் கேலியாக எழுதியிருந்தார். ஃபிகோவின் செய்தியில் அப்படி நினைத்துக்கொண்டாலும் தவறில்லை.) பெரஸ் வென்றார். ஜூலை 24 அன்று ரியல் மாட்ரிட்டின் வெள்ளைச் சட்டையோடு ஃபிகோ மக்கள் முன் நிறுத்தப்பட்டார். அவருடைய பார்சிலோனா ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்த தொகை ஏறத்தாழ 1,000 கோடி பெசேத்தா (ஸ்பெயினின் அப்போதைய நாணயம்), அதாவது இன்றைய கணக்கில் 6 கோடி யூரோ. அத்தொகை முழுவதும் செலுத்தப்பட்டது. அதுவரை உலகில் எந்தக் கால்பந்து வீரருக்காகவும் அவ்வளவு பணம் கைமாறியதில்லை.

இந்நிகழ்வில் பார்சிலோனா யாரையும் விடுவிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அக்கழகத்துக்கு ஜூலை 23 அன்றுதான் ஜோன் காஸ்பார்ட் புதிய தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். பதவியேற்ற கையோடு அவர் எதிர்கொண்டது, தம் கழகத்தின் சம்மதத்துக்காகக் காத்திராத ஒரு நடவடிக்கையை. தொகை கட்டப்பட்டால் ஒப்பந்தம் முடிந்தது. மறுக்கும் உரிமை கழகத்துக்கு இல்லை.

இதன் வேர் ஸ்பெயின் நாட்டின் 1985-ஆம் ஆண்டு 1006-ஆம் எண் அரசாணையில் உள்ளது. தொழில்முறை விளையாட்டு வீரர்களின் பணி உறவை ஒழுங்குபடுத்தும் அந்த ஆணையின் 16-ஆம் பிரிவு, கழகத்தின் மீது எக்குற்றமும் இல்லாத நிலையில் வீரர் தம் விருப்பத்தாலேயே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால், கழகம் இழப்பீடு பெறலாம் என்கிறது. தொகையைப் பற்றி இரு தரப்பும் முன்கூட்டியே உடன்பட்டிருக்கவில்லை என்றால் தொழிலாளர் நீதிமன்றம் அதை முடிவு செய்யும். ஓராண்டுக்குள் அவரைச் சேர்த்துக்கொள்ளும் புதிய கழகமும் அத்தொகைக்குத் துணைப் பொறுப்பாளியாகும். நீதிமன்றத்தின் கணக்கை நம்பியிருக்க விரும்பாத கழகங்கள் ஒப்பந்தத்திலேயே ஓர் எண்ணை எழுதிவைத்துக்கொண்டன. ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் இதற்கு வழங்கும் பெயர் ஒப்பந்தத்தை முறித்தலைக் குறிப்பது. ‘விடுவித்தல்’ ஆங்கிலப் பெயரின் வழியாக நமக்கு வந்தது.

ஆக, செயலைச் செய்பவர் வீரர். நம் ஊர் மென்பொருள் நிறுவனத்தில் அறிவிப்புக் காலம் முழுவதும் வேலை செய்யாமல், அந்நாள்களுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டு வெளியேறுகிறவரைப் போன்றது அவர் நிலை. பல நேரங்களில் அப்பணத்தைப் புதிய நிறுவனமே கொடுத்துவிடும் என்பதிலும் ஒப்புமை உண்டு.

‘விடுவிப்பு’ என்னும் சொல்லை நான் தயங்கி ஒதுக்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐ.பி.எல். ஏலத்துக்கு முன்பு நாளிதழ்களில் வரும் ‘விடுவிக்கப்பட்ட வீரர்கள்’ பட்டியலால், அச்சொல் தமிழ் வாசகர் மனத்தில் ஏற்கெனவே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டுள்ளது. அணிக்கு வேண்டாதவர், கழற்றிவிடப்பட்டவர் என்பது அப்பொருள். ‘விடுவிப்பு விதியின்படி ஃபிகோ ரியல் மாட்ரிட்டுக்குச் சென்றார்’ என்று படிக்கும் இளைஞர் ஒருவர், அடுத்த பத்தியில் 2000 அக்டோபர் 21 அன்று ஃபிகோ எதிரணி வீரராகப் பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நூவுக்குத் திரும்பியபோது காதைப் பிளக்கும் சீழ்க்கையொலி எழுந்ததையும், அவர் முகம் அச்சிட்ட பொய்ப் பணத்தாள்கள் வீசப்பட்டதையும், ‘பெசேத்தெரோ’, அதாவது காசுக்கு ஆளாய்ப் பறப்பவன், என்று அவர் வசைபாடப்பட்டதையும் படித்தால் குழம்பிவிடுவார். கழகமே விடுவித்த ஒருவர் மேல் அக்கழகத்தின் ஆதரவாளர்களுக்கு ஏன் இத்தனை ஆத்திரம்? 2002 நவம்பர் 23 அன்று அதே மைதானத்தில் அவர் மூலையுதை (கார்னர் கிக்) எடுக்கச் சென்றபோது நாணயங்கள், புட்டிகள், ஒரு பன்றிக்குட்டியின் தலை வரை வந்து விழுந்து, நடுவர் ஆட்டத்தையே சிறிது நேரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. போனது அவராகவே எடுத்த முடிவு என்பதே அந்தக் கோபத்துக்கு அடிப்படை. நம் கலைச்சொல் அதை மறைக்கக் கூடாது.

குழுவில் முன்மொழியப்பட்ட மற்றவற்றைப் பற்றியும் சுருக்கமாக. ‘மீட்புத்தொகை’ கேட்க நன்றாக இருந்தாலும் ஆள்கடத்தல் செய்திகளில் அடிபடும் சொல். மேலும் மீட்பவர் வேறொருவர் என்ற எண்ணத்தையே அது தருகிறது. ‘ஒப்பந்த முறிவுத்தொகை’யில், ‘முறிவு’ தானாக நிகழ்வதைச் சொல்வதால் செய்தவர் யார் என்பது புலப்படாது. ‘முறிப்பு’ என்றால் புலப்படும், ஆனால் சட்டப்படி உரிமையுள்ள ஒரு செயலுக்கு அது குற்றத்தின் சாயலைப் பூசிவிடுகிறது. ‘இழப்பீடு’ சட்டத்துக்கு நெருக்கமான சொல்தான் என்றாலும் விபத்து, நிலம் கையகப்படுத்தல் என்று அதற்கு வேலை ஏற்கெனவே அதிகம்.

என் முன்மொழிவு ‘விலகுதொகை’. விலகுவதற்குச் செலுத்தும் தொகை. எழுதுவதற்கான கோல் எழுதுகோல் ஆனதைப் போல. வினைத்தொகை மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்பதால், ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு இன்னும் பயன்படுத்தப்படாத எண்ணையும், செலுத்தி முடிக்கப்பட்ட பணத்தையும் ஒரே சொல்லால் குறிக்கலாம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

“பார்சிலோனா ஒப்பந்தத்தில் ஃபிகோவின் விலகுதொகை ஏறத்தாழ 1,000 கோடி பெசேத்தாவாக இருந்தது. 2000-இல் ரியல் மாட்ரிட் அதற்கான பணத்தை வழங்க, அவர் விலகுதொகையைக் கட்டி வெளியேறினார்.”

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.

* * *

பொருள்: மறு: மறு: கால்பந்து ஒப்பந்தக் கலைச்சொற்கள்

அன்புள்ள ஐயா,

விரிவான மடலுக்கு நன்றி. சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. எனினும் மூன்று ஐயங்கள் உள்ளன.

முதலாவது எழுத்து பற்றியது. பலர் இதை ‘விலகுத்தொகை’ என்றே எழுதிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். ‘காப்புத்தொகை’, ‘உதவித்தொகை’ என்று எழுதிப் பழகிய கை அது.

இரண்டாவது, இங்கிலாந்து. அங்கே ஸ்பெயினைப் போன்ற அரசாணை கிடையாது. ஒப்பந்தத்தில் இத்தகைய சரத்து இருந்தால், குறிப்பிட்ட தொகைக்கு வேறொரு கழகம் கேட்டுவந்தால் அதனை மறுக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கழகம் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. அங்கே உண்மையிலேயே விடுவிப்பது கழகம்தான். அப்படியானால் ‘விடுவிப்பு’ முற்றிலும் தவறான சொல் ஆகாதே?

மூன்றாவது, ஜோவா ஃபெலிக்ஸ். 2019-இல் அவர் பென்ஃபிகாவிலிருந்து அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்குச் சென்றபோது ஒப்பந்தத்தில் இருந்த எண் 12 கோடி யூரோ, கொடுக்கப்பட்டதோ 12.6 கோடி. விலகுவதற்கான தொகையைவிடக் கூடுதலாக ஏன் ஒருவர் கொடுக்க வேண்டும்? தங்கள் சொல்லால் இதை எப்படி விளக்குவீர்கள்? அதே போல, ரியல் மாட்ரிட்டில் கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்கு 100 கோடி யூரோ எழுதியிருந்தார்கள். அவரை யாரும் விலக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட எண்ணை ‘விலகுதொகை’ என்பது முரணாக இல்லையா?

வணக்கத்துடன்.

* * *

பொருள்: மறு: மறு: மறு: கால்பந்து ஒப்பந்தக் கலைச்சொற்கள்

அன்புள்ள அம்மா,

ஐயங்களுக்கு நன்றி, இரண்டாவது ஐயம் விவாதத்தையே நல்ல இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது, எனவே மற்ற இரண்டையும் முதலில் முடித்துக்கொள்கிறேன்.

வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘ஊறுகாய்’, ‘சுடுகாடு’, ‘ஆடுகளம்’ என்பனவற்றில் யாரும் க் சேர்ப்பதில்லை. ‘காப்பு’, ‘உதவி’ ஆகியவை பெயர்ச்சொற்கள் என்பதால் அங்கே மிகுகிறது. பட்டியலில் சொல்லுக்கு எதிரே ‘வினைத்தொகை’ என்று குறித்துவிட்டால் போதும். அதையும் மீறி ‘த்’ போடுகிறவர்கள் போடட்டும். சொல் புழங்குகிறதே என்று மகிழ்ந்துகொள்ளலாம்.

ஃபெலிக்ஸின் செய்தியில் 12 கோடியை ஒரே தவணையில் கட்டியிருந்தால் அது விலகுதொகை. அட்லெட்டிகோ தவணைகளில் செலுத்த விரும்பியதால் பென்ஃபிகாவின் சம்மதம் தேவைப்பட்டது. தாமதமாக வரும் பணத்துக்கான செலவு கூடுதல் 60 இலட்சம் யூரோவாகச் சேர்ந்தது. இரண்டு கழகங்கள் பேசி ஒத்துக்கொண்ட அந்தக் கணமே அது ‘மாற்றுத்தொகை’ ஆகிவிடுகிறது. 12 கோடி, பேச்சு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் காட்டிய எண். நம் இரு சொற்களும் இங்கே தெளிவாகப் பிரிந்து நிற்பது எனக்கு நிறைவளிக்கிறது. நாளிதழ்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதற்கும் இத்தகைய நிகழ்வுகளே காரணம். ரொனால்டோவின் 100 கோடியைப் பொறுத்தவரை, எவரும் எடுத்து எழுதாத எழுதுகோலும் எழுதுகோலே.

இனி இங்கிலாந்து. தாங்கள் சொல்வது சரி. ஆங்கிலத்தில் ஒரே பெயரால் அழைக்கப்படுவதால் நாமும் ஒரே சொல்லைத் தேடிக்கொண்டிருந்தோம்; பொருளோ இரண்டு. கழகம் குறிப்பிட்ட விலைக்கு வீரரை விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டிருப்பது ஒன்று. வீரர் தொகையைச் செலுத்தித் தாமே விலக உரிமை பெற்றிருப்பது மற்றொன்று. முன்னதில் பணம் கழகத்திலிருந்து கழகத்துக்குச் செல்கிறது. பின்னதில் குறைந்தபட்சம் சட்டத்தின் பார்வையிலாவது வீரரின் பெயரால் செல்கிறது. 2017-இல் பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் கழகத்துக்குச் சென்ற நெய்மாருக்கான 22.2 கோடி யூரோவை ஸ்பெயின் லீக் நிருவாகம் வாங்க மறுத்தபோது, அவருடைய வழக்கறிஞர்களே பார்சிலோனா அலுவலகத்துக்கு நேரில் சென்று கட்ட நேர்ந்தது இந்த வேறுபாட்டினால்தான். ஆகவே முன்னதற்கு ‘விடுவிப்புச் சரத்து’ என்றும், பின்னதற்கு ‘விலகுதொகை’ என்றும் இரண்டு பதிவுகளாகவே இட்டுவிடலாம் என்று என் முன்மொழிவைத் திருத்திக்கொள்கிறேன். ‘விதி’யைவிடச் ‘சரத்து’ நல்லது. பத்திர எழுத்தர் முதல் வழக்கறிஞர் வரை ஒப்பந்தக் கூறுக்கு வழங்கும் சொல் அது, மேலும் ‘விதி’ என்றால் ஆட்ட விதி என்று தோன்றிவிடுகிறது.

இவ்விரண்டிலும் அடங்காத மாற்றங்களுக்கும் பெயர் தேவை. 2009-இல் மான்செஸ்டர் யுனைடெட் 8 கோடி பவுண்டுக்கு ரொனால்டோவை ரியல் மாட்ரிட்டுக்குக் கொடுத்தது பேசி முடித்த மாற்றம். அதற்கு ‘மாற்றுத்தொகை’ போதும். 2022 நவம்பரில், அவர் பின்னர் திரும்பிச் சேர்ந்திருந்த மான்செஸ்டர் யுனைடெட்டும் அவரும் இருவருடைய இசைவோடும் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதை ‘இசைவு விலகல்’ என்னலாம். அதன் பிறகுதான் அவர் சவூதியின் அல் நஸ்ர் கழகத்துக்குச் சென்றார். 2005-இல் ஃபிகோ மாட்ரிட்டிலிருந்து இன்டர் மிலானுக்குச் சென்றபோது மாற்றுத்தொகை எதுவும் கைமாறவில்லை. உலகிலேயே அதிக விலை பெற்றவராக ஐந்து ஆண்டுகளுக்கு முன் வந்தவர், விலையின்றிச் சென்றார். இன்டரில் நான்கு பருவங்கள் ஆடி 2009-இல் ஓய்வு பெற்றார். அவ்வகை மாற்றத்தைச் சிலர் ‘இலவச மாற்றம்’ என்று எழுதுகிறார்கள். வீரருக்குச் சம்பளமும் கையொப்பப் பணமும் கொடுக்கத்தான் வேண்டும் என்பதால் ‘இலவசம்’ எனக்கு ஒப்பவில்லை. ‘தொகையிலா மாற்றம்’ என்று எழுதலாமா என்பதைத் தாங்களும் மற்ற நண்பர்களும் சொல்ல வேண்டும். மறுப்பு வராவிட்டால் வரும் ஞாயிறன்று ஐந்து சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.