ஏழாவது பட்டன்

மாட்டுங்கா கிழக்கு:

மூன்று வாரங்களாகத் தூக்கத்திலும் விடாத ஒரு காட்சியை இங்கே இறக்கி வைக்கிறேன். நம் மும்பைத் தமிழர் இணையக் குழுவில் பலர் வலைப்பக்கம் செய்து பிழைப்பவர்கள் என்பதால் நீண்ட முன்னுரை தேவையில்லை. ஓர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பப் பக்கத்தை வடிவமைத்தவன் நான். நிரப்பத் தெரியாத மாணவர்களுக்காகச் சயானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் வைத்தார்கள்; என்னையும் கூப்பிட்டார்கள்.

பார்வையற்ற மாணவி ஒருவர், இளங்கலை இரண்டாம் ஆண்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தம் மடிக்கணினியோடு வந்தார். விண்ணப்பத்தை வீட்டிலேயே பாதிக்கு மேல் நிரப்பியிருந்தார், சந்தேகம் ஒன்றிரண்டுதான். அவர் பயன்படுத்தியது என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான்; திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள். அது என்ன சொல்கிறது என்று நானும் கேட்பதற்காகக் ஹெட்போனைக் கழற்றச் சொன்னேன். அடுத்த பட்டனுக்குத் தாவ அவர் ‘பி’ விசையை அழுத்தினார். "பட்டன்" என்றது. மறுபடியும் அழுத்தினார். "பட்டன்." மறுபடியும் அதே சொல். அவருடைய உதடுகள் அசைவதைக் கவனித்தபோதுதான் அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஏழு வந்ததும் என்டர் விசையைத் தட்டிவிட்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பி, "அண்ணா, சேவ் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

திரையில் விண்ணப்பம் வெறுமையாகக் கிடந்தது. முந்தைய வியாழக்கிழமை வரை ஏழாவது பட்டன் சேமிப்பதற்கானதுதான். அன்று அலுவலகத்தில் கேட்டார்கள் என்று வரிசையின் தொடக்கத்தில் அச்சிடும் குறி ஒன்றைச் சேர்த்தேன். சேமிப்பு எட்டாவது இடத்துக்குப் போயிற்று. ஏழாவதாக வந்து நின்றது குப்பைத்தொட்டி. எல்லாமே வெறும் படக்குறிகள். கண்ணால் பார்ப்பவருக்கு அவை விளங்கும். பெயர் வைக்கப்படாத பட்டனைப் பற்றிக் கருவி சொல்லக்கூடியது "பட்டன்" என்ற ஒரு சொல்தான். ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரைச் சொல்லும் ஒரே ஒரு பண்புக்கூறை நிரலில் சேர்த்திருந்தால் போதும். பத்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் நான் அதைச் செய்யவில்லை.

தொண்ணூறடிச் சாலை:

என் அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும், படிக்கவும் தெரியும். ஆனாலும் இதே கதைதான் நடந்தது.

தாராவியில் நாற்பது ஆண்டுகளாக இட்லி விற்கிறவர். இந்தி பேசுவார், வாசிப்பது தமிழ் மட்டும். காப்பீட்டைப் புதுப்பிக்கும் பக்கத்தில் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்த்ததும் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா! கைபேசியை அவரிடமே கொடுத்து, "நீங்களே பண்ணுங்கம்மா" என்றேன். கடைசித் திரையில் இரண்டு பட்டன்கள். ஆங்கில வார்த்தைகளுக்கு அளந்து வைத்த அகலம். அம்மாவோ கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர். ஒன்றில் "தொடர…" என்று இருந்தது. மற்றொன்றிலும் "தொடர…" என்றே இருந்தது. முதலாவது "தொடரவும்", இரண்டாவது "தொடர வேண்டாம்" என்பதைப் பின்னர் எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்து நான் கண்டுகொண்டேன். அம்மா இரண்டின் மேலும் விரலை மாற்றி மாற்றிக் கொண்டுபோய், வாய்விட்டுப் படித்து, "ரெண்டும் ஒண்ணுதானேடா?" என்று கேட்டார். நான் அடுக்களையில் இருந்தபடி ஆமாம் என்று சொல்லிவிட்டேன். காப்பீடு புதுப்பிக்கப்படவில்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

தமிழ் எழுத்து மேலும் கீழும் இடம் கேட்கிறது. வரியுயரத்தை ஆங்கிலத்துக்கு வைத்த அளவிலேயே விட்டால் புள்ளியின் தலை வெட்டுப்பட்டு ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். மொழிபெயர்த்தவர் தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தார். அதைப் பக்கத்தில் ஏற்றியவர் ஒருமுறையாவது தமிழில் திறந்து பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி.

முலுண்ட்வாசி:

மாட்டுங்கா நண்பர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பண்புக்கூறு ஒன்றைச் சேர்த்தால் போதும் என்று அவர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. மறைவாகப் பெயர் வைத்தால் திரைவாசிப்பானுக்கு மட்டும் விடிவு பிறக்கும். குறிக்குப் பக்கத்தில் "சேமி", "நீக்கு" என்று கண்ணுக்குத் தெரியும்படி எழுதினால் அந்த மாணவிக்கும் உதவும், தொண்ணூறடிச் சாலை நண்பரின் அம்மாவுக்கும் உதவும், குரலால் கணினியை இயக்குபவருக்கும் உதவும். தவிர, நீக்கும் பட்டன் கேள்வி கேட்காமல் நீக்கியது எப்படி? திரும்பப் பெற முடியாத செயலுக்கு முன் ஒரு முறை உறுதி கேட்பது அடிப்படை இல்லையா?

என் அனுபவம் சிறியது. அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. ஒரு படிவத்தில் தவறான கட்டங்களின் விளிம்பு சிவப்பாக மாறியது. வேறு எந்த அறிவிப்பும் இல்லை. முக்கால் மணி நேரம் "அனுப்பு" பட்டனை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் வேலையிலிருந்து வந்தபோது, "இணையம் வேலை செய்யவில்லை போலிருக்கிறது" என்றார்.

மென்பொருள் தரச்சோதனை வேலையில் இருப்பதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பிழையை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள்; எந்தக் கட்டத்தில் என்ன குறை என்று வாக்கியமாக எழுதுங்கள். கட்டத்துக்குள் மங்கலான சாம்பல் எழுத்தில் "உங்கள் பெயர்" என்று போட்டுவிட்டு அதையே தலைப்பாகக் கருதுவது பெருங்குற்றம். தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடுகிறது, பாதியில் எழுந்துபோய்த் திரும்புகிறவருக்கு எதை எங்கே நிரப்பினோம் என்று தெரியாது. வலைப்பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வலை உள்ளடக்க அணுகல்தன்மை நெறிமுறையின் இடைநிலைத் தரப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும். எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் எதுவும் வெட்டுப்படக் கூடாது என்பதும் அதில் உண்டு. தொண்ணூறடிச் சாலை நண்பரின் அம்மா பார்த்த பக்கத்தில் மீறப்பட்டது இதுவே. அதே நெறிமுறையின் 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, தொடுவதற்கான இலக்கு 24க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும் என்கிறது. கைநடுக்கம் உள்ள பெரியவர்களுக்கு அதுவும் போதாது என்பது என் கருத்து. கைபேசியில் இரு விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் நிரல் வரியை எங்கே கண்டாலும் அழித்துவிடுங்கள். விசைப்பலகையால் நகரும்போது எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை, அழகு கெடுகிறது என்று நீக்காதீர்கள். தானியங்கிச் சோதனைக் கருவி நூற்றுக்கு நூறு கொடுத்தது என்று நிம்மதி அடைய வேண்டாம். பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்று அது பார்க்கும், அந்தப் பெயருக்குப் பொருள் இருக்கிறதா என்று பார்க்காது. சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு உங்கள் படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

வடாலா:

முலுண்ட் நண்பர் எழுதியதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அத்தனை வரிகளிலும், எங்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள் என்று ஓரிடத்தில்கூட இல்லை. நான் சிறு வயதிலேயே பார்வை இழந்தவன். வொர்லியில் உள்ள பார்வையற்றோர் தேசியச் சங்கத்தில் கணினி கற்றேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக வங்கியில் வேலை பார்க்கிறேன். ஜாஸ் என்னும் திரைவாசிப்பானோடுதான் என் நாள் தொடங்குகிறது.

பரஸ்பர நிதிக் கணக்கு ஒன்றைக் கைபேசியில் தொடங்க உட்கார்ந்தேன். பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் யார் துணையும் இல்லாமல் முடித்தேன். அதற்கடுத்த அடையாளச் சரிபார்ப்புத் திரையில் கைபேசியின் திரைவாசிப்பானான டாக்பேக் மௌனமாகிவிட்டது. என் மனைவி எட்டிப் பார்த்து, முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறது, பிறகு கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது என்றார். வட்டம் எங்கே இருக்கிறது? எனக்கு இரண்டும் செயற்கைக் கண்கள். இமை முழுதாக மூடாது. மனைவி ஒரு கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் தாடையைப் பற்றி இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார், சற்றே உயர்த்தினார். "நேரம் முடிந்துவிட்டது" என்று வந்தது. மூன்று முறை இப்படியே நடந்தது. அவருடைய கை வியர்த்திருந்ததை என் தாடையில் உணர்ந்தேன். மகள் அறையில் இருந்தாள். நாங்கள் மூவரும் அதைப் பற்றி இன்று வரை பேசவில்லை.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில், அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடக் கூடாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஏப்ரல் 30 அன்று, அமில வீச்சுக்கு ஆளான பெண் ஒருவரும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் அணுகல் என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டலுக்கு மாற்று வழிகளும் வேண்டும் என்று பணித்தது. அந்தத் தீர்ப்பைத் திரைவாசிப்பானில் முழுதாகக் கேட்டேன். கண் சிமிட்டல் பற்றிய பகுதியை இரண்டு முறை கேட்டேன்.

கோரேகாவ் மேற்கு:

வடாலா ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் தட்டச்சு செய்ய முடியவில்லை.

என்னுடையது பழைய எழுத்துருச் சிக்கல். எங்கள் மன்றத்தின் பழைய மலர்கள் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருவில் இருந்தன. திரையில் பார்த்தால் அழகான தமிழ். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ரிசீவரைக் கணினியருகே பிடித்து, தம் கருவி வாசிப்பதைக் கேட்கச் செய்தார்: அரை நிமிடம் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். "இதில் என் அப்பா எழுதிய கட்டுரை இருப்பதாகச் சொன்னார்கள்" என்றார். எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். பிறகும் ஆங்கிலக் குரல் தமிழைத் தாண்டிப் போயிற்று; பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்த பிறகுதான் தமிழ்க்குரல் வந்தது.

மாட்டுங்கா நண்பரே, அந்த மாணவியின் விண்ணப்பம் என்ன ஆயிற்று?

மாட்டுங்கா கிழக்கு:

அன்றே காப்புப் பிரதியிலிருந்து பாதியை மீட்டோம். மீதியை அவர் அங்கேயே உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தார். கடைசி நாளுக்கு முன்பே அனுப்பிவிட்டார். உதவித்தொகை முடிவு இன்னும் வரவில்லை.

முலுண்ட் நண்பர் சொன்னது சரி. எல்லாக் குறிகளுக்கும் பக்கத்தில் சொற்களை எழுதிவிட்டேன். வடாலா ஐயா எழுதியதற்குப் பிறகு அந்த மாணவியைத் தொலைபேசியில் அழைத்து, புதிய பக்கத்தைச் சோதித்துத் தர இயலுமா, அதற்கான ஊதியத்தை அறக்கட்டளையிடம் பேசிவிட்டேன் என்று கேட்டேன். சனிக்கிழமை வந்தார். ‘பி’ விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பெயரைக் கேட்டுத் தலையசைத்தார். எட்டாவதுக்கு வந்து "சேமி" என்று கேட்ட பிறகும் அழுத்தவில்லை. பின்னோக்கிச் சென்று முதலிலிருந்து மறுபடி வந்தார். உதடுகள் எண்ணிக்கொண்டுதான் இருந்தன. பிறகு, "டெலீட்டை இந்த வரிசையிலேயே வைக்காதீங்க அண்ணா, பக்கத்தோட கடைசிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார். அப்படியே மாற்றியிருக்கிறேன்.