அம்மாயி வீட்டுக் குழு

சுவிஸ் அண்ணன்: 📷 இன்று கீஸ்பாக் அருவிக்குப் போனோம். பிரியன்ஸ் ஏரியில் கப்பல் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மலைக்கு ஏற இந்தக் குட்டி ரயில். 1879இல் போட்டது!

ஹட்டன் மாமா: நம்ம நானுஓயாவுக்கே 1885இல்தானே ரயில் வந்தது. எஞ்சின் எங்கே மருமகனே, படத்தில் காணோம்?

சுவிஸ் அண்ணன்: எஞ்சினே கிடையாது மாமா. ஒரே கயிறு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. கிணற்றுக் கப்பி மாதிரி, ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். இப்போது கரண்டில் ஓடுகிறது. ஆரம்பத்தில் வெறும் தண்ணீர்தான். மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்களாம். பாரத்தில் அது இறங்க, கீழே நிற்பது மேலே வரும். இறங்கியதும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள்.

தம்பி: டீசல் விலை ஏறினாலும் கவலை இல்லை 😂

பண்டாரவளை அக்கா: அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். "இதென்ன அதிசயம்? அந்தக் காலத்தில் கொழுந்துச் சாக்கைக் கம்பியில் மாட்டிவிட்டால், தன் பாரத்திலேயே விர்ரென்று தேயிலை ஸ்டோருக்கு ஓடுமே" என்கிறார்.

ஹட்டன் மாமா: அம்மா சொல்வது சரிதான். அது இருக்கட்டும், பாதை ஒன்றுதானே தெரிகிறது? ரயில்வேயில் நாங்கள், ஒற்றைப் பாதையில் போக அனுமதியான டேப்லட் வளையத்தை டிரைவர் கையில் கொடுக்காமல் ஒரு ரயிலையும் விட்டதில்லை.

சுவிஸ் அண்ணன்: நடுவில் மட்டும் பாதை இரண்டாகப் பிரியும் மாமா. பாதையைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ் மாற்ற ஆளே வேண்டாம். ஒரு பெட்டிக்கு இடப்பக்கச் சக்கரத்தில் மட்டும் தண்டவாளத்தைக் கவ்வ இரண்டு புறமும் விளிம்பு, மறுபக்கம் தட்டை. அடுத்த பெட்டிக்கு அப்படியே நேர்மாறு. அதனால் ஒவ்வொன்றும் எப்போதும் தன் பக்கமே போகும். எதிர்ப்பெட்டி நெருங்கியதும் நம்ம சின்னவன் கண்ணைப் பொத்திக்கொண்டான்!

தம்பி: எவ்வளவு தூரம் அண்ணா?

சுவிஸ் அண்ணன்: 345 மீட்டர். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்ததுதான் தெரியும், இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

ஹட்டன் மாமா: அவ்வளவுதானா? நம்ம ரயில் பதுளையிலிருந்து ஏறும்போது, தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து, மலையைச் சுற்றி அதே ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும். கயிறும் இல்லை, தொட்டியும் இல்லை.

சுவிஸ் அண்ணன்: மாமா ஆரம்பித்துவிட்டார் 🙏

பண்டாரவளை அக்கா: கொஞ்சம் பொறுங்கள், அம்மாயி கேட்கிறார்: கீழே திறந்துவிட்ட தண்ணீர் எங்கே போகும்?

சுவிஸ் அண்ணன்: ஏரிக்குத்தான் அம்மாயி. பக்கத்திலேயே இருக்கிறது.

பண்டாரவளை அக்கா: "அப்போ சரி, வீணாகவில்லை" என்கிறார். இப்போதுதான் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.